பந்தாட்ட வாத்தியார் ரஹீம் சாகிப்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று சங்கச் செயலாளர் கேட்டதும், எனக்கு நம் கல்லூரி மைதானம்தான் நினைவுக்கு வந்தது. கருவடிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சின்ன வயசில் சாயங்காலம் ஆனால் பந்தும் புழுதியுமாகத்தான் வீடு திரும்புவோம். கல்லூரியில் சேர்ந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை.

இரண்டாம் ஆண்டில், ஒரு முக்கியமான போட்டிக்கு முதல் நாள், முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த என்னை நம்ம பி.டி. மாஸ்டர் பின்வரிசைக்கு மாற்றிவிட்டார். வந்த கோபத்தில் மறுநாள் நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. நம் அணி தோற்றது. மாஸ்டர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல வருஷம் கழித்து, சையத் அப்துல் ரஹீம் என்பவரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. அவரைப் பற்றி இன்றைய மாணவர்களுக்குச் சொல்ல ஆசை.

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி. தொழில் என்னவோ பள்ளிக்கூட வாத்தியார் வேலைதான். 1943-ல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். 1950-ல் ஹைதராபாத் நகர போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

பயிற்சியிலும் அவர் வாத்தியார்தான். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ள வேண்டும் என்ற விதியோடு தனிப் போட்டிகளே நடத்தினார். இடது கால் பழகாதவர்களை அந்தக் காலாலேயே ஆட வைத்தார். நமக்குப் பிராக்டிகல் வகுப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்திய அணி அவர் கைக்கு வந்தது. 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். அடுத்த வருஷமே பெரிய அடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி. அன்று நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. ரஹீம் துவண்டுவிடவில்லை. அந்தக் காலத்தில் உலகத்தையே அசத்திய ஹங்கேரி அணியின் ஆட்டமுறையைக் கற்று, நம் ஆட்களுக்கு ஏற்றபடி மாற்றினார். பலன் 1956-ல் மெல்போர்னில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போய், நான்காம் இடம் பிடித்தோம். நெவில் டிசூசா ஒருவரே 3 கோல்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1-1 என்று சமன். நம் புதுச்சேரி 1954-லேயே இந்தியாவின் கைக்கு வந்தாலும் சட்டப்படி இன்னும் மாறாத நேரம் அது. நம்ம ஊர்த் தாத்தாக்கள் அன்று யாருக்குக் கைதட்டினார்களோ! அதே ரோமில் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தர்ராஜ் பெரு அணிக்கு எதிராக அடித்ததுதான், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல்.

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. 19 நாள் கழித்து, செப்டம்பர் 4-ல், ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே அணி. இந்திய அதிகாரி ஒருவர் சொன்ன விமர்சனத்தால் ஊரே நம் மேல் கோபமாக இருந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் நமக்கு எதிராகக் கூச்சல். கோல் காவலர் பீட்டர் தங்கராஜுக்கு உடம்பு சரியில்லை. தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல்.

இங்கேதான் ரஹீமின் மூளை. தலைக் காயத்தோடு ஜர்னைலைத் தடுப்பில் ஆட வைப்பது கஷ்டம் என்று, அவரை அரையிறுதியிலேயே சென்டர் ஃபார்வர்டாக மாற்றினார். ஜர்னைல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல்! பி.கே. பானர்ஜியின் கோலையும் சேர்த்து 2-1. தங்கம் நமக்கு.

ரஹீமுக்கு அப்போது நுரையீரல் புற்றுநோய். இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு பிள்ளைகளைக் கூட்டி, அந்தத் தங்கத்தைத் தமக்குப் பரிசாகக் கேட்டாராம். 1963 ஜூன் 11-ல், 53 வயதில் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா தங்கம் வாங்கவேயில்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது வந்ததே 1985-ல்தான். 2024-ல் அவர் கதையைச் சொல்லி 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது.

தம்பிகளே, தங்கைகளே, இன்று நான் ஒரு தொழிற்சாலையில் 20 பேரை வைத்து வேலை வாங்குகிறேன். யாரையாவது பழகிய மிஷினிலிருந்து வேறு மிஷினுக்கு மாற்றும்போது, அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கிறேன். அது என் முகம்தான். மாற்றுகிறவர் நம்மைக் குறைத்து எடை போடுகிறார் என்று நினைக்கிறோம். நமக்கே தெரியாத ஒரு திறமையை அவர் பார்த்திருக்கலாம்.

இந்தச் சந்திப்புக்கு நம்ம மாஸ்டரும் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். இத்தனை வருஷம் சொல்லாத மன்னிப்பை, இந்த மலரை அவர் கையில் கொடுத்துக் கேட்கப் போகிறேன்.

— முன்னாள் மாணவன், இயந்திரவியல் பிரிவு,
கருவடிக்குப்பம்