ஸர் ராபர்ட் பீல்

ஆங்கில நாட்டிற் காவலரைப் பாபி என்று அழைக்கும் வழக்கை நம் மாணவ நண்பர் பலர் அறிவர். 1829-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரக் காவற்படையை நிறுவிய ஸர் ராபர்ட் பீலின் பெயரிலிருந்தே அவ்வழக்குப் பிறந்தது. ஆயினும் அவர் வாழ்விற் பெரியதொரு செயல் வேறுளது. அதனையே யாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

1788-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் லங்காஷயரிலுள்ள பரி என்னும் ஊரிற் பீல் பிறந்தார். தந்தையார் பருத்தியாலைகளாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். மகனோ ஆக்ஸ்போர்டிற் கிரேக்க இலத்தீன் கல்வியிலும் கணிதத்திலும் ஒருங்கே முதல் வகுப்பில் தேறினார். (ஒரு பாடத்தோடு மல்லாடும் எமக்கு இதனை நினைக்கவே அச்சமுண்டாகின்றது!) 1809-இல், இருபத்தொரு வயதிலேயே, பார்லிமெண்டில் அமர்ந்தார்.

அந்நாளிற் பார்லிமெண்டு நிலப்பிரபுக்களின் கையிலிருந்தது. நெப்போலியனோடு நிகழ்ந்த போர் ஓய்ந்ததும் தானிய விலை வீழுமென்றஞ்சிய அவர்கள், 1815-இல் தானியச் சட்டமொன்று செய்துகொண்டனர். உள்நாட்டுக் கோதுமை குவார்ட்டர் ஒன்றுக்கு 80 ஷில்லிங்காக ஏறுங்காறும் பிறநாட்டுக் கோதுமை விற்கப்படலாகாது என்பது அதன் விதி. விளைவு குன்றிய ஆண்டில் ஏழை பட்டினி கிடப்பான். பிரபுவின் குத்தகைப் பணமோ குறையாது. நாள்தோறும் அப்பம் வேண்டி மன்றாடும் மக்கள், அவ்வப்பத்தை அருமையாக்கும் சட்டத்தைச் செய்துவைத்தது வியப்பன்றோ! சட்டம் பின்னர்ச் சிறிது தளர்ந்ததேனும் வேரறவில்லை. இதற்கிடையே மாஞ்செஸ்டர் முதலிய ஆலை நகரங்கள் பெருத்தன. காப்டன், பிரைட் என்போர் சங்கம் கூட்டி அச்சட்டத்தை எதிர்த்தனர்.

1841-இற் பிரபுக்களின் கட்சி பீலைப் பிரதம மந்திரியாக்கிற்று. ஆலைக்காரர் மகன் நிலக்காரர்க்குத் தலைவரானார். அவர் 1842-இல் வருமான வரி விதித்து, பல நூறு பொருள்களின் சுங்கத்தைக் குறைத்தார். கணக்கறிந்த அவருள்ளம் மெல்ல மாறலாயிற்று. 1845 மார்ச்சிற் காப்டன் பேசக் கேட்டிருந்த பீல், மறுமொழிக்கென எழுதிய குறிப்புத் தாளைக் கசக்கிவிட்டு, அருகிருந்த மந்திரியை விடையிறுக்குமாறு பணித்தனர் என்பர்.

அவ்வாண்டே அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிற்று. பீல் அமெரிக்காவினின்று ஒரு லட்சம் பவுனுக்கு மக்காச்சோளம் மறைவாக வாங்கினார். கடினமான அத்தானியத்தை அரைக்கவும் சமைக்கவும் அறியாத ஏழைகள், அதற்குப் பீலின் கந்தகம் என்று பெயரிட்டனர். தானியச் சட்டத்தை ஒழிக்கவும் அவர் துணிந்தார். சொந்தக் கட்சியிற் பெரும்பாலார் எதிர்த்தனர். டிஸ்ரேலியின் நா வாளினுங் கூரிதாய் அவரைக் குத்திற்று. எதிர்க்கட்சியாரின் துணையால் 1846 மே மாதம் 327-க்கு 229 வாக்குகளாற் காமன்ஸ் சபையில் மசோதா நிறைவேறிற்று. ஜூன் 25-இற் பிரபுக்கள் சபையும் இசைந்தது. அன்றிரவே வேறொரு மசோதாவில் அவரை வீழ்த்தினர். 29-ஆம் நாள் பதவி துறந்தார்.

தம்மைத் தேர்ந்தோர்க்கு ஒன்று கூறிப் பின் வேறொன்று செய்யலாமோ என்று பகைவர் வினவியது வெறும் வசையன்று. 1829-இற் கத்தோலிக்கர் உரிமையிலும் அவர் அவ்வாறே மாறினார். அன்றியும், தானியச் சட்டம் ஒழிந்ததால் அயர்லாந்து பிழைக்கவில்லை. கையிற் காசில்லாதவனுக்கு மலிந்த விலையும் எட்டாதே! ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் பீல் விலகிய பின் மாண்டவர். எனினும், அறிந்த உண்மையைப் பதவிக்காக மறைத்திருப்பின் அவரை மிகுதியும் பழிப்போம் யாம். 1852-இற் பொக்கிஷ மந்திரியான டிஸ்ரேலியும் அச்சட்டத்தை மீட்கவில்லை.

1850 ஜூன் 29-இற் குதிரையினின்று வீழ்ந்த பீல், ஜூலை 2-ஆம் நாள் உயிர் துறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் வேண்டாவென்று முன்னரே விலக்கியிருந்தமையால், தம் சிற்றூர்க் கோயிலிலேயே அடங்கினார். அவர் நினைவுக்கென ஆலைத் தொழிலாளர் ஆளுக்கொரு பென்னியாகப் பொருள் திரட்டினர்.