அன்பை விதைத்த ஐடா அம்மையார்

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளில் வாழும் நமக்கு வேலூர் என்றவுடன் கோட்டைக்கு முன்பே நினைவுக்கு வருவது அங்குள்ள பெரிய மருத்துவமனைதான். உள்ளூரில் தீராத நோய் என்றால், பழைய மருந்துச் சீட்டுகளையும் மாற்றுத் துணியையும் பையில் வைத்துக்கொண்டு, பர்கூர், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்குப் புறப்படும் குடும்பங்கள் நம் ஊர்களில் பல. சி.எம்.சி. என்று எல்லாரும் அழைக்கும் அந்த மருத்துவமனை, 1900-ஆம் ஆண்டில் ஒரு வீட்டின் சிறிய அறையில், ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கியது என்றால் நம்பமுடிகிறதா? அதைத் தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் என்னும் பெண்மணி. அவருடைய வாழ்க்கை வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

ஐடா அம்மையாரின் கதை அவருடைய பாட்டனார் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மருத்துவராக இருந்தார். ஒரு நாள் ஒரு பெண் நோயாளியைப் பார்க்கச் சென்ற வீட்டில், சமயத் தொண்டு பற்றிய ஒரு சிறு நூல் அவர் கண்ணில் பட்டது. அதைப் படித்தவர் நன்கு நடந்துகொண்டிருந்த தம் தொழிலை விட்டு, 1819-ஆம் ஆண்டு மனைவியுடன் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்து, பின்பு சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர்களுள் எழுவர் இந்தியாவில் தொண்டு புரிந்தனர். நான்கு தலைமுறைகளில் அந்தக் குடும்பத்தார் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இப்பணியில் ஈடுபட்டனர். யாரோ ஒருவர் வீட்டில் கிடந்த ஒரு சிறு நூல் எவ்வளவு தூரம் பயணம் செய்துவிட்டது!

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தந்தையும் மருத்துவரே. ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. பசியால் வாடி வந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுக்கும் வேலையைப் பெற்றோர் ஐடாவிடம் ஒப்படைத்தனர். தாமே உண்ணவும் வலிமையற்றிருந்த குழந்தைகளுக்கு அச்சிறுமி ரொட்டியைப் பிட்டு வாயில் ஊட்டினாள்.

ஆயினும், படிப்புக்காக அமெரிக்கா சென்ற ஐடா, இந்தியாவில் தொண்டு செய்வதில்லை என்றே உறுதி கொண்டிருந்தார். தாயாருக்கு உடல்நலம் குன்றியதால் சிறிது காலம் உதவுவதற்காகத் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடா தம் தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவிக்கு மருத்துவம் பார்ப்பதை அவர்களில் எவரும் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

இரக்கம் மட்டும் இருந்து பயனில்லை, அதைச் செயலாக்கும் பயிற்சியும் வேண்டும் என்பதை அந்த இரவு அவருக்கு உணர்த்தியது. அவர் அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்று, 1899-ஆம் ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஷெல் என்ற முதியவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்டப் பத்தாயிரம் டாலர் வழங்கினார்.

1900-ஆம் ஆண்டு ஐடா வேலூர் வந்தார். சில மாதங்களிலேயே தந்தை காலமானார். பெண் மருத்துவரைக் கண்டிராத மக்கள் முதலில் தயங்கினர். பின்னர் கூட்டம் பெருகியது. உதவிக்கு ஆள் இல்லாத நிலையில், வீட்டில் வேலை செய்தவரின் மனைவியான சலோமி துணைக்கு நின்றார். 1902-ஆம் ஆண்டு நாற்பது படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. வேலூருக்கு வர இயலாதவர்களுக்காக அம்மையாரே குடியாத்தம் சாலையில் பயணம் செய்தார். வழியில் மர நிழல்களில் காத்திருந்த கிராம மக்களுக்கு அங்கேயே மருந்து கொடுத்தார்.

எவ்வளவு உழைத்தாலும் தாம் ஒருவரே எத்தனை கதவுகளுக்குச் செல்லமுடியும் என்று அவர் சிந்தித்தார். இந்தியப் பெண்களே மருத்துவமும் செவிலியமும் கற்கவேண்டும் எனத் துணிந்தார். 1909-ஆம் ஆண்டு செவிலியர் பள்ளியையும், 1918-ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். பெண்கள் இப்படிப்பில் தேறுவார்களா என்று ஐயுற்றவர்கள் பலர். முதல் வகுப்பில் தேர்வு எழுதிய பதினான்கு பேரும் தேறினர்! அதே தேர்வில் ஆண்களின் பள்ளிகளில் ஐவருக்கு ஒருவரே தேறினார். பின்னாளில் அப்பள்ளி கல்லூரியாக வளர்ந்து, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது.

அங்குப் படித்தவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ஆம் ஆண்டு நேர்ந்த மோட்டார் விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். தம்மைப் போல் நடக்க இயலாதவர்களுக்கான மறுவாழ்வு மையம் வேலூரில் அமைய அவரே காரணமாக இருந்தார். பசித்த குழந்தைக்கு ரொட்டி ஊட்டிய கையிலிருந்து புறப்பட்ட அன்பு, இப்படி மாணவியின் கைக்கு வந்தது. மாணவியின் கையிலிருந்து முடங்கிக் கிடந்த எத்தனையோ கைகளுக்குச் சென்றது.

திருமணம் செய்துகொள்ளாமல் இறுதிவரை தொண்டிலேயே வாழ்ந்த ஐடா அம்மையார், 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கொடைக்கானலில் தமது 89-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். எனினும் அவர் நடந்த பாதை, நல்ல சமாரியர் நடந்த பாதையே.

அன்புத் தோழியரே! நம் ஓசூர் எல்லையூர். தொழிற்சாலை வேலைக்காகப் பல மாவட்டங்களிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறுகின்றன. அவர்களுள் பலருக்குப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது. மருந்துச் சீட்டில் காலை எத்தனை, இரவு எத்தனை என்று புரியாது. நம்மில் பலர் வீட்டில் ஒரு மொழியும், தெருவில் ஒரு மொழியும், பள்ளியில் ஒரு மொழியும் பேசுகிறவர்கள். இதுவே நம் கையில் உள்ள ரொட்டித் துண்டு. ஒரு தாய்க்குச் சீட்டைப் படித்துச் சொல்வதோடு நில்லாமல், அவருடைய மகளுக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால், அவள் அடுத்த வீட்டாருக்கு உதவுவாள். ஐடா அம்மையார் செய்ததும் இதுவே. கடுகு விதையின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்ட நாம், அதை நம் தெருவில் விதைக்க இறைவன் அருள் புரிவாராக!