மருந்தும் சொல்லும் அளந்த இராஜசேகர வசு

திருமகளும் கலைமகளும் ஒரு மனையில் உறையார் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. கணக்கேட்டைப் புரட்டுபவனுக்குக் காவியம் எதற்கு என்று வணிகர் எண்ணுவர். கதை புனைபவனிடம் பணப்பெட்டியின் திறவுகோலைக் கொடுக்கலாமா என்று ஏனையோர் ஐயுறுவர். இவ்விரு எண்ணங்களையும் ஒருங்கே பொய்யாக்கிய பெரியார் ஒருவர் வங்க நாட்டில் வாழ்ந்தார். இந்தியர் தமது சொந்த முயற்சியால் நிறுவிய முதற் பெரும் மருந்துக் கொம்பனியை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடத்திய நிர்வாகி அவர். வங்க மொழியின் ஒப்பற்ற நகைச்சுவை எழுத்தாளரும் அவரே. அம்மொழிக்குக் கைக்கடக்கமான சிறந்த அகராதி ஒன்றைத் தொகுத்தளித்தவரும் அவரே. இராஜசேகர வசு என்பது அவர் பெயர். கதை வாசகர்கள் அவரைப் பரசுராமர் என்ற புனைபெயராலேயே அறிவார்கள்.

1880ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள், பர்த்வான் மாவட்டத்திலுள்ள தமது தாய்மாமனார் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர வசு, பீகாரிலுள்ள தர்பங்கா அரசரின் பெருநிலங்களுக்கு நிர்வாகியாக இருந்தவர். எனவே பிள்ளைப் பருவம் தர்பங்காவிலேயே கழிந்தது. அங்கே அவர் நாவிற் பழகியது வங்கமன்று, இந்தியே. பிற்காலத்தில் வங்கச் சொற்களுக்கெல்லாம் பொருள் வகுத்தவர், அம்மொழியைச் சற்றுத் தாமதமாகவே கற்றார் என்பது வியப்புக்குரியது. ஆயினும் தாய்மொழியை இயல்பாகக் கேட்டுப் பழகாது கருத்தூன்றிக் கற்றவனுக்கே அதன் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே புலப்படும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பட்டினாக் கல்லூரியிலும் பின்னர் கல்கத்தாவின் பிரசிடென்சிக் கல்லூரியிலும் பயின்று, 1900ஆம் ஆண்டில் இரசாயன சாஸ்திரத்தில் எம். ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்து இளைஞர் பலரையும் போலச் சட்டமும் படித்துத் தேறினார். ஆனால் நீதிமன்றத்திற்கு அவர் சென்றது மூன்றே நாட்கள். அத்தொழில் தமக்கு ஒவ்வாது எனக் கண்டதும் கறுப்பு அங்கியைக் களைந்துவிட்டு வெளியேறினார். பட்டம் பெற்றவன் வக்கீலாகவோ அரசாங்க உத்தியோகத்தனாகவோ ஆகாவிடில் படிப்பே வீண் என்று கருதப்பட்ட அந்நாளில் இது சிறு துணிவன்று.

அவர் சென்று சேர்ந்த இடம் ஆசாரியர் பிரபுல்ல சந்திர இராயின் மருந்துச் சாலை. ஆசாரியரும் இக்கதையில் இன்றியமையாதவர். எடின்பரோ சர்வகலாசாலையில் டாக்டர்ப் பட்டம் பெற்றுத் திரும்பிப் பிரசிடென்சிக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்துவந்த அவர், படித்த வங்க இளைஞர் எழுதுவினைஞர் வேலைக்காகக் கதவு தோறும் அலைவதைக் கண்டு மனம் நொந்தார். அறிவைக் கொண்டு தொழில் செய்யலாம் என்பதைக் காட்ட, 1892ஆம் ஆண்டில் எழுநூறு ரூபா முதலுடன் தாம் குடியிருந்த வீட்டிலேயே மருந்து செய்யத் தொடங்கினார். 1901ஆம் ஆண்டில் அம்முயற்சி ‘பெங்கால் கெமிக்கல் அன்ட் பார்மசூட்டிகல் வேர்க்ஸ்’ என்னும் வரையறுத்த கொம்பனியாயிற்று. மேனாட்டு மருந்துகளோடு, ஆடாதோடை, ஓமம் முதலிய உள்நாட்டு மூலிகைச் சரக்குகளிலிருந்தும் நவீன முறையில் மருந்து வடிக்கப்பட்டது.

1903ஆம் ஆண்டில் இராஜசேகரர் இங்கே இரசாயன அறிஞராகச் சேர்ந்தார். அவரது திறமையை ஆசாரியர் விரைவில் கண்டுகொண்டார். சிறிது காலத்திலேயே நிர்வாகப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆசாரியர் தோற்றுவித்த குழந்தையை வளர்த்து ஆளாக்கிய செவிலித்தாய் இராஜசேகரர் எனலாம். 1905ஆம் ஆண்டில் மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் 1920இல் பாணிஹாட்டியிலும் மற்றொன்று அமைந்தது. மருந்து செய்வதற்கு வேண்டிய கந்தக அமிலத்தையும் தாமே உற்பத்தி செய்யும் நிலைக்குக் கொம்பனி உயர்ந்தது.

மருந்துக் கொம்பனியை நடத்துவது துணிக்கடை நடத்துவது போன்றதன்று. துணியின் தரத்தை வாங்குபவன் தடவிப் பார்த்து அறிவான். போத்தலுக்குள் இருப்பதை நோயாளி அறிய வழியில்லை. போத்தலின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதியிருப்பதே அவனுக்குப் பிரமாணம். அச்சீட்டில் உள்ள சொல்லும் உள்ளே இருக்கும் பொருளும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடில் விளைவது வெறும் நட்டமன்று, உயிர்ச்சேதம். அன்றியும், பிறநாட்டுச் சரக்கே நல்ல சரக்கு என்று மக்களும் வைத்தியரும் நம்பியிருந்த காலம் அது. ஒரு தவறு நேர்ந்தாலும், உள்நாட்டு மருந்து முழுவதன்மேலும் பழி விழுந்திருக்கும். இந்நிலையில் இராஜசேகரர் கைக்கொண்ட ஒழுங்கும் நேரந்தவறாமையும் அவருடைய நண்பர்களிடையே பழங்கதை போலப் பேசப்பட்டன. குறைவாகப் பேசுவார், கூட்டங்களை விரும்பார், செய்யவேண்டியதைக் குறித்த வேளையில் குறித்த அளவிற் செய்வார்.

இத்தகைய மனிதர் தமது நாற்பத்திரண்டாம் வயது வரை கதை என்று எதையும் வெளியிட்டவரல்லர். கல்கத்தாவில் பார்சிபாகான் ஒழுங்கையிலிருந்த வசு குடும்பத்தாரின் வீட்டில் மாலை வேளைகளில் அறிஞரும் கலைஞரும் கூடுவது வழக்கம். இந்தியாவில் உளப்பகுப்பாய்வுக் கலையைத் தொடக்கிவைத்தவரும் வியன்னாவின் பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டவருமான கிரீந்திரசேகரர் இவருடைய இளைய சகோதரர். ‘பாரதவர்ஷ’ இதழின் ஆசிரியர் ஜலதர சேன், ஓவியர் ஜதீந்திரகுமார சேன் முதலியோர் அங்கு வருவர். 1922ஆம் ஆண்டில் இராஜசேகரர் எழுதிய முதற் கதை அவ்விதழில் வெளிவந்தது. மருந்துக் கொம்பனி நிர்வாகி தமது பெயரில் நகைச்சுவைக் கதை வெளியிடத் தயங்கினார். அவ்வேளை வீட்டிற்கு வந்திருந்த பரசுராமர் என்னும் பொற்கொல்லரின் பெயரைத் தமக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார். மழுவேந்திய முனிவரை நினைந்து இட்ட பெயரென்று பலரும் எண்ணினர்; உண்மையில் அது தற்செயலாக வாய்த்த பெயரே.

அந்த முதற் கதையின் பெயர் ‘ஸ்ரீ ஸ்ரீ சித்தேசுவரி லிமிட்டெட்’. தேவியின் பெயரால் ஒரு கூட்டுப் பங்குக் கொம்பனி தொடங்கி, பக்தியையும் இலாபத்தையும் ஒருங்கே வாக்களித்து, பங்கு விற்றுப் பணந் திரட்டும் ஒரு கூட்டத்தைப் பற்றியது அது. இறுதியில் சூத்திரதாரிகள் நழுவிவிட, பேராசையால் உள்ளே புகுந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கடன்காரர்களுக்கு முகங்கொடுக்க வேண்டியவராகிறார். கொம்பனிச் சட்டமும் பணிப்பாளர் கூட்டமும் பங்குப் பத்திரமும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை உள்ளிருந்து அறிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய கதை அது. நேர்மையான கொம்பனி ஒன்றை இருபது ஆண்டு நடத்தியவர், பொய்க் கொம்பனியின் உருவத்தை வரைந்து காட்டி மக்களை எச்சரித்தார்.

1924ஆம் ஆண்டில் ‘கட்டலிகா’ என்னும் முதற் கதைத் தொகுதி ஜதீந்திரகுமாரரின் படங்களுடன் வெளிவந்தது. அதிலுள்ள ‘சிகிச்சைச் சங்கடம்’ என்னும் கதையில், டிராம் வண்டியிலிருந்து விழுந்த நந்த பாபு என்பவர் நண்பர்களின் உபதேசத்தால் ஆங்கில வைத்தியர், ஹோமியோபதி வைத்தியர், கவிராஜர், ஹக்கீம் என்று வாயில்தோறும் அலைகிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நோய் சொல்கின்றனர். கடைசியிற் சென்ற பெண் வைத்தியரை மணந்து கொள்வதோடு அவர் நோய் தீர்கிறது. மருந்து விற்பதையே தொழிலாகக் கொண்டவர், தேவையில்லாதவன் மருந்தைத் தேடி அலைவதைக் கண்டு நகைத்தார் என்றால், அவருடைய நேர்மைக்கு வேறு சான்று எதற்கு? இரண்டாம் தொகுதியின் பெயர் ‘கஜ்ஜலி’. பாதரசமும் கந்தகமும் சேர்த்து அரைத்த கரிய மருந்துச் சரக்கின் பெயர் அது. இரசாயனி கதாசிரியருக்குள் மறைந்துவிடவில்லை.

முதல் நூலை இரவீந்திரநாத தாகூர் மனமாரப் புகழ்ந்து எழுதினார். அதனைக் கண்ட ஆசாரியர் பிரபுல்ல சந்திரர், இத்தனை புகழ்ந்தால் தமது இரசாயனி கைவிட்டுப் போய்விடுவாரே என்று தாகூருக்கு விளையாட்டாக முறையிட்டார். இலக்கியத்திற்கு உரியவரை ஆய்வுசாலைப் புகைக்குள் அடைத்து வைத்த குற்றம் ஆசாரியருடையதே என்னும் பொருள்படத் தாகூரும் விடையிறுத்தார். இரு பெரியோரும் ஒருவருக்காக வழக்காடினர். அவரோ எவர் பக்கமும் சாயாது இரு பணிகளையும் தொடர்ந்தார்.

1932ஆம் ஆண்டில் நிர்வாகப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். எனினும் ஆலோசகராகவும் பணிப்பாளராகவும் கொம்பனியுடன் கொண்ட தொடர்பை இறுதிவரை விடவில்லை. இதற்கிடையே அவர் தொகுத்த ‘சலந்திகா’ என்னும் அகராதி வங்க மாணவரின் மேசைதோறும் இடம்பெற்றது. வழக்கிலுள்ள சொற்களையே தேர்ந்து, சுருங்கிய சொல்லில் தெளிந்த பொருள் தருவது அதன் சிறப்பு. 1935ஆம் ஆண்டில் கல்கத்தா சர்வகலாசாலை எழுத்துச் சீர்திருத்தத்திற்கென அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். அதே காலத்தில், வங்க எழுத்துக்களை லைனோடைப் இயந்திரத்தில் கோக்கத்தக்கவாறு எண்ணிக்கை குறைத்து வடிவமைக்க முனைந்த சுரேசசந்திர மஜும்தாருக்குத் துணை நின்றார். 1948இல் மேற்கு வங்க அரசாங்கத்தின் கலைச்சொற் குழுவுக்கும் தலைமை தாங்கினார். மருந்துப் போத்தலின் சீட்டில் அவர் வேண்டிய அந்தத் துல்லியத்தையே ஒரு மொழியின் சொற்களிடத்தும் அவர் வேண்டினார். விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் சொல்ல இயலாது என்று சோம்பியிருந்தோருக்கு அவர் தந்த மறுமொழி வாதமன்று, வேலை.

பிறரைச் சிரிக்க வைத்த இம்மனிதரின் இல்லத்திலோ துயரமே குடிகொண்டது. அவருக்கிருந்தது ஒரே மகள். மருமகன் இளமையிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்தார். அத்துயரைத் தாங்காது மகளும் மடிந்தாள். 1942ஆம் ஆண்டில் மனைவியார் மிருணாளினியும் பிரிந்தார். ஊரார் நோய்க்கு மருந்து செய்தவரின் வீட்டை மருந்து காக்கவில்லை. அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் அவர் துணையின்றி வாழ்ந்தார். ஆயினும் தமது இழப்பை அவர் எழுத்தில் எங்கும் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் எழுந்து மேசை முன் அமரும் ஒழுக்கம் ஒருநாளும் பிறழவில்லை.

அத்தனிமையின் பயனை வங்க மக்கள் பெற்றனர். காளிதாசரின் மேகதூதத்தை 1943இலும், வான்மீகி இராமாயணத்தின் சுருக்கத்தை 1946இலும், வியாசர் பாரதத்தின் சுருக்கத்தை 1949இலும் தெளிந்த உரைநடையில் மொழிபெயர்த்தளித்தார். அவருடைய ஒன்பது கதைத் தொகுதிகளில் ஆறு, 1950ஆம் ஆண்டு முதல், அதாவது அவர் எழுபது வயதை எட்டிய பின்னர் வெளிவந்தவை. 1955இல் இரவீந்திரப் பரிசும், 1956இல் பத்மபூஷண் விருதும், 1958இல் ‘ஆனந்திபாய் முதலிய கதைகள்’ என்னும் நூலுக்காகச் சாகித்திய அக்கடமிப் பரிசும் அவரை அடைந்தன. சத்யஜித் ரே அவருடைய ‘பரச பாதர்’ என்னும் கதையை 1958இல் திரைப்படமாக்கினார். போலிச் சாமியாரைத் தோலுரித்துக் காட்டும் ‘பிரிஞ்சி பாபா’ என்ற கதை 1965இல் ‘மகாபுருஷ்’ என்னும் படமாயிற்று. இரண்டாவது படத்தைக் காண அவர் உயிரோடில்லை. 1960ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆம் நாள் தமது எண்பதாம் வயதில் அவர் காலமானார்.

அவர் வளர்த்த கொம்பனி பிற்காலத்தில் நட்டத்தில் வீழ்ந்து, 1980ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் உடைமையாயிற்று. தொழிற்சாலைகள் கைமாறும், இயந்திரங்கள் பழையனவாகும். ஆனால் இராஜசேகரர் வாழ்ந்து காட்டிய நெறி பழையதாகவில்லை. கலைக்கு ஒரு மனச்சாட்சியும் வணிகத்திற்கு வேறொரு மனச்சாட்சியும் அவர் வைத்திருக்கவில்லை. நோயாளியிடம் பொய்ச் சரக்கை விற்கக் கூசிய அதே உள்ளமே, வாசகரிடம் பொய்ச் சொல்லை விற்கவும் கூசியது. மேற்படிப்பு எதற்கு, எந்த உத்தியோகத்திற்கு என்று இளைஞரைக் கேட்கும் பெற்றோரும் ஆசிரியரும் இப்பெரியாரின் வாழ்க்கையை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று. கற்றதைச் செய்தொழிலாக்கலாம், செய்தொழிலைத் தூய்மையாக்கலாம், அத்தொழிலின் நடுவிலிருந்தே மொழிக்கும் தொண்டு புரியலாம். ஒரே வாழ்நாளில் இம்மூன்றையும் ஒருவர் செய்து முடித்திருக்கிறார்.