ஒரு நூலைத் தேடி நாடுகள் கடந்த ஹுனைன்

எமது நாட்டில் வழங்கும் யூனானி வைத்தியம் என்பதிலுள்ள யூனான், கிரேக்கத்தையே குறிக்கின்றது. அம்மருத்துவம் அரபு மொழியில் நிலைபெற்றமைக்கு ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் உழைப்பு முக்கிய காரணமாகும்.

ஈராக்கின் ஹீராவில் 809 ஆம் ஆண்டளவில் பிறந்த இவர் ஓர் அரபுக் கிறிஸ்தவர். பக்தாதில் மருத்துவம் கற்கையில் ஓயாது வினாத் தொடுத்ததால் ஆசான் இப்னு மாஸவைஹ் இவரை வெளியேற்றினார் என்பர். கிரேக்கம் கற்று மீண்டவரிடம் பின்னாளில் அதே ஆசான் மொழிபெயர்ப்புகளைக் கேட்டுப் பெற்றார்.

ஜாலினூஸ் என அரபியர் அழைத்த கேலனின் நூலொன்றை, பிழை மலிந்த ஒரே பிரதியிலிருந்து ஹுனைன் இருபது வயதளவில் மொழிபெயர்த்தார். நாற்பது வயதளவில் பல பிரதிகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, அதனை மீண்டும் செய்தார். நாளாந்தம் அவசர மொழிபெயர்ப்புகளுடன் மல்லுக்கட்டும் எமக்கு இது சற்று வெட்கத்தையே தருகின்றது.

கேலனின் உடற்கூற்றியல் நூலின் பதினைந்து பாகங்களில், ஒன்பதாம் பாகத்தின் இடைநடுவோடு கிரேக்க மூலம் நின்றுவிடுகின்றது. எஞ்சியவை ஹுனைனும் மருமகன் ஹுபைஷும் உழைத்த அரபு வடிவிலேயே தப்பிப் பிழைத்துள்ளன. ஹுனைனின் மருத்துவ அறிமுக நூலோ இலத்தீனாகி, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாயிற்று.

நிரூபணம் பற்றிய கேலனின் நூலுக்காக அவர் சிரியா, பலஸ்தீனம், எகிப்து எங்கும் அலைந்து அலெக்சாந்திரியா வரை சென்றார். டமஸ்கஸில் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது. அவர் 873 இல் காலமானார். அந்நூலின் முழுமையான பிரதி இன்றுவரை எங்கும் கண்டெடுக்கப்படவில்லை.