திப்பு சுல்தானின் செலவுக் கணக்கு

பாலக்கோடு உள்ளிட்ட பாரமகால் சீமை 1792 வரை மைசூர் வேந்தர் திப்பு சுல்தானின் ஆளுகையில் இருந்தது. அன்னாரின் வாளைப் பற்றிப் பேசுவோர் பலர்; அவர் பணத்தைக் கையாண்ட விதத்தைப் பேசுவோர் சிலரே.

1782-ல் தந்தை ஹைதர் அலி காலமானபின் ஆட்சிப் பொறுப்பேற்ற திப்பு, எளிய உடையையே பெரிதும் விரும்பினார். தம்மைச் சார்ந்தோரும் அவ்வாறே உடுத்த வேண்டுமெனக் கருதினார். திருமணங்களிலும் விழாக்களிலும் மக்கள் பணத்தை வாரி இறைப்பதைத் தடுக்க ஆணைகள் பிறப்பித்தார். நிக்காஹ் விருந்துக்காக நகையை அடகு வைக்கும் நம் இல்லங்களில் அந்த ஆணை இன்று வந்தால் எத்தனை பேர் முகம் சுளிப்போம்!

மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாயையும் அவர் துறக்க முற்பட்டார். 1787-ல் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், கஜானாவுக்கு நேரும் நஷ்டத்தைப் பொருட்படுத்தாது மதுவை அறவே ஒழிக்குமாறு பணித்தார். ஆயினும் அவரைக் கஞ்சர் என எவரும் கூறமுடியாது. வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களை வரவழைத்து வளர்க்கச் செலவிட்டார். தர்மபுரி வட்டாரத்தில் மல்பெரி பயிரிடும் குடும்பங்கள் அத்தொழிலின் பயனை இன்றும் அறியும். சுமார் 2000 ஏடுகள் கொண்ட நூலகமும் அவரிடம் இருந்தது.

1792-ல் சோதனை வந்தது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நாட்டில் பாதி போயிற்று; பாரமகாலும் கைமாறியது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. பாதியை உடனே செலுத்த வேண்டும். மீதிக்கு ஈடாக அவருடைய இரு பாலகர்கள் சென்னைக்குப் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டனர். கடனுக்குப் பிள்ளைகளை ஈடு வைத்த தகப்பனின் இரவுகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! அன்று முதல் அவர் மெத்தையைத் துறந்து முரட்டுத் துணி விரித்து உறங்கினார் என்பர். தவணைகள் தீர்ந்தன, 1794-ல் மைந்தர்கள் திரும்பினர். அத்தொகையின் சுமை குடிமக்கள் மீதும் விழுந்தது என்பதை மறைத்தல் நியாயமன்று.

அவ்வளவு எளியவருக்குத் தங்கத் தகடு வேய்ந்த புலி அரியணை எதற்கு என நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதில் அவர் அமரவேயில்லை என்பர். 1799 மே 4-ல் அவர் போர்க்களத்தில் ஷஹீதான பின், ஆங்கிலேயர் அதைத் துண்டு துண்டாக உடைத்துப் பங்கிட்டனர். அதன் புலித்தலை இன்றும் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ளது.