பொகவந்தலாவையில் துயிலும் கலைஞர்

பொகவந்தலாவை புனித மேரி தேவாலயத்தில், தேயிலைச் சரிவுகளின் நடுவே, ஜூலியா மார்கரெட் கமரன் துயில்கிறார். நம் மாணவர் சரித்திர பாடத்திற் கற்கும் கோல்புறூக்–கமரன் விசாரணையின் கமரனே இவர் கணவர்.

1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவ்வம்மையார், 48ஆம் வயதிலேதான் மகள் பரிசளித்த கமராவைக் கையிலெடுத்தார். ஓவியர் வாட்ஸ் இவருடைய நண்பர். ஓவியர் முகத்தை நோக்குமாறே இவரும் நோக்கினார். முகத்தை அருகே கொணர்ந்து, ஒளியை ஒருபுறமிருந்து விழச்செய்து, விளிம்புகளைச் சற்றே மங்கவிட்டார். ஈரக் கண்ணாடித் தகட்டிற் படமெடுத்த காலம் அது; இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். அம்மங்கலைத் தேர்ச்சிக்குறைவென விமர்சகர் எள்ளினர். டார்வின், கார்லைல் ஆகியோர் முகங்களில் இவர் காட்டிய உள்ளத்தை இன்று எவரும் எள்ளார்.

1875இல் கணவரோடு இலங்கை வந்தார். மலையகத்தைத் தேயிலை இன்னும் மூடாத கோப்பிக் காலம். இங்கே எடுத்தவற்றுள் ஏறக்குறைய முப்பது படங்களே எஞ்சின. தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் அவற்றில் உள்ளனர். பலவற்றிற் கமரா சற்று விலகியே நிற்கிறது. டார்வினுக்குக் காட்டிய நெருக்கம் இவர்களுக்கு வாய்க்கவில்லை என்பதே என் துணிபு. 1879 ஜனவரி 26இல் அம்மையார் காலமானார். டார்வின் படத்திற்குப் பெயருண்டு. இவர்களிற் பெரும்பாலோர் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. அம்முகங்களில் அசையாது நின்ற களைப்பையும், அதனினும் மேலாக ஓர் உறுதியையும் நான் காண்கிறேன்.