வேட்டைத் துரை விட்டுச் சென்ற காடு

யோங் பெங்: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பகாங் தாமான் நெகாராவுக்குச் சென்று வந்த குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. கோலா தஹானில் படகேறி, மரங்களை அண்ணாந்து பார்த்துத் திரும்புகிறோம். அந்தக் காடு இன்றும் நிற்பதற்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் ஒரு ரப்பர் தோட்டத் துரை. பெயர் தியோடர் ஹப்பேக்.

1872-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தையும் ஜாமெக் பள்ளிவாசலையும் வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக் இவரின் சகோதரர். 1890-களில் மலாயாவுக்கு வந்த தியோடர் ரப்பர் பயிரிட்டார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார். யானை, செலாடாங் வேட்டையைப் பற்றி 1905-இல் ஒரு நூலே எழுதினார்.

அது ரப்பர் விலை ஏறிய காலம். காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்தாம் அங்கே கன்று நட்டு, கானு வெட்டி, பால் எடுத்தார்கள். காடு சுருங்கச் சுருங்க யானைகள் இளம் ரப்பர் நிரைகளுக்குள் இறங்கின. இருட்டோடு வேலைக்குக் கிளம்பிய தொழிலாளிக்கு யானை என்றால் உயிர்ப்பயம். தோட்ட முதலாளிகளுக்கோ அது நட்டம். சுட்டுத் தள்ளுவதே வழி என்று பலர் கருதினார்கள்.

ஹப்பேக்கின் எண்ணம் மாறிப்போனது. துப்பாக்கி பிடித்த கை கேமரா பிடித்தது. விலங்குகளுக்கென்று தனி இடம் ஒதுக்காவிட்டால் தோட்டமும் பிழைக்காது, விலங்கும் பிழைக்காது என்பது அவர் வாதம். பகாங்கில் ஊதியம் வாங்காத வனவிலங்குக் காவலராகப் பணியாற்றினார். 1925-இல் குனோங் தஹான் மலையைச் சுற்றி ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீட்டர் காடு விலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

அதோடு அவர் ஓயவில்லை. அரசு நினைத்தால் காப்பிடத்தை எளிதாக ரத்து செய்துவிடலாம். ஆகவே சட்டத்தால் கட்டுண்ட தேசியப் பூங்கா வேண்டும் என்றார். 1930-இல் அமைந்த வனவிலங்கு விசாரணை ஆணையத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. தோட்டக்காரர்களின் முறையீடுகளையும் கேட்டறிந்து, 1932-இல் மூன்று பாக அறிக்கை தந்தார். சக தோட்டத் துரைமார் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் விடாமல் எழுதினார், லண்டனிலும் ஆதரவு தேடினார்.

இறுதியில் பகாங், கிளந்தான், திரங்கானு சுல்தான்கள் நிலம் ஒதுக்க இசைந்தனர். 1938, 1939-ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றின. 4,343 சதுர கிலோமீட்டரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா பிறந்தது. சுதந்திரத்திற்குப் பிறகு அதுவே தாமான் நெகாரா ஆனது.

பூங்கா அமைந்து சில ஆண்டுகளில் ஜப்பானியர் படையெடுத்து வந்தனர். 1942-இல் ஹப்பேக் மறைந்தார். அவர் கவலைப்பட்டு எழுதிய சுமத்திரா காண்டாமிருகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 2019-இல் மலேசியாவின் கடைசி காண்டாமிருகமும் சபாவில் இறந்தது.

நம் ஜொகூரிலும் ஒரு பெருங்காடு இருக்கிறது. 1993-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட எண்டாவ் ரொம்பின் அது. யோங் பெங்கிலிருந்து குளுவாங், காஹாங் வழியாகக் கம்போங் பெத்தா போனால் அதன் வாசல். ஜொகூர் தேசியப் பூங்காக் கழகம் அதைப் பராமரிக்கிறது.

ரப்பர் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. குளுவாங் பக்கம் யானைகள் தோட்டத்துக்குள் வருவது நிற்கவில்லை. குருத்தைத் தின்றுவிட்டுப் போகும் யானைமேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அதற்குத் திரும்பிப் போக ஒரு காடு வேண்டும். ஹப்பேக் தம் சக துரைமாரிடம் வாதாடியதும் அதற்காகத்தான்.